பறக்கும் கதவுகள் பிறக்கும் ஊர்

எலி புகாத வீடு கட்டுவதற்காகப் பிறந்தது பிரேசர் டவுன். அதற்குக் கிழக்கே உள்ள தொழிற்சாலையில் தொடங்கிய விமான உறுப்புத் தொழில், இன்று உலகின் பெரிய விமானங்களுக்குக் கதவு செய்து அனுப்புகிறது. ஆனால் எஞ்சின்?

மாலை மயங்கும் நேரத்தில் மாஸ்க் ரோட்டில் கரி அடுப்புகள் கனியத் தொடங்குகின்றன. கபாப் வாசனையும் பேக்கரி வாசனையும் கலந்து வீசும் அந்தத் தெருவில் பேரம் நான்கு மொழிகளில் நடக்கிறது. ஆட்டோக்காரரிடம் கன்னடம், கறிக்கடையில் உருது, காய்கறி வண்டியில் தமிழ், மருந்துக் கடையில் ஆங்கிலம். அரசாங்க ஏடுகளில் இந்த இடத்தின் பெயர் புலிகேசி நகர். ஆனால் ஆட்டோக்காரர் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லோருக்கும் இது இன்னமும் பிரேசர் டவுன்தான்.

வெள்ளைக்கார துரையின் பெயர் ஒட்டிக்கொண்ட இந்தப் பேட்டை, ஒரு பயத்தில் பிறந்தது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. கண்டோன்மென்ட்டின் நெருக்கமான தெருக்களில் வீடு வீடாகப் புகுந்து உயிர்களை அள்ளிக்கொண்டு போனது. 1809-இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு இங்கே வந்தபோது அதன் பின்னாலேயே வந்தவர்கள் தமிழர்கள். சிப்பாய்கள், கொத்தனார்கள், தையற்காரர்கள், தானிய வியாபாரிகள் என்று வந்த அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் பலர் அந்தத் தெருக்களில்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். நோய் தணிந்த பிறகு, நெரிசலைக் குறைக்க ஊருக்கு வெளியே புதிய பேட்டைகள் போடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இந்தப் பேட்டைக்கு, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக இருந்த சர் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைச் சூட்டினார்கள்.

வீடுகளுக்கும் கணக்கு வந்தது. ஜே.எச். ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளர், பெங்களூரில் பிளேக் அண்டாத நகரமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 1914-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். உயர்ந்த அடித்தளம், எலி குடைய முடியாத தரை, வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும் சன்னல்கள். நோயைச் சுமந்து வருவது எலி. எலிக்குக் கட்டைவிரல் அகல இடுக்கு போதும். அந்த இடுக்கை அடைத்துவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

இங்கிருந்து கிழக்கே பத்து கிலோமீட்டருக்குள் இன்னொரு இடுக்குக் கணக்கு நடக்கிறது. அங்கே அனுமதிக்கப்படும் இடுக்கு பல சமயம் பத்து மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். முடியை ஏழாகப் பிளந்து ஒரு கூறை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ, அவ்வளவு. அந்த அளவு தவறினாலும் உயிர்தான் போகும்.

கிழக்கே ஒரு தொழிற்சாலை

பிரேசர் டவுனிலிருந்து அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகிறது வழி. ஏரிக்கரையில் திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக்கிடந்த அந்தச் சிலை 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சம் கண்டது. அருகிலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படையின் தலைமையகம். அதையும் இந்திரா நகரையும் தாண்டினால் நீண்ட மதில் சுவர் ஒன்று தொடங்குகிறது. ஹிந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் லிமிடெட். ஊர் வழக்கில் ஹெச்.ஏ.எல்.

அந்த மதிலுக்குப் பின்னால் இருப்பது முதலில் ஒரு தனி மனிதரின் துணிச்சல். கப்பல் கம்பெனி நடத்தி பிரிட்டிஷ் முதலாளிகளோடு மல்லுக்கட்டிய வால்சந்த் ஹீராசந்த், 1939-இல் வில்லியம் பாவ்லி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திய அனுபவம் பாவ்லிக்கு இருந்தது. அதை ஏன் இந்தியாவில் செய்யக் கூடாது என்று கேட்டார் வால்சந்த். மைசூர் திவான் சர் மிர்ஸா இஸ்மாயில் நிலமும் பணமும் தர முன்வந்தார். நிலம் 700 ஏக்கர்; சமஸ்தானத்தின் பங்குப் பணம் 25 லட்சம் ரூபாய். கடற்கரையிலிருந்து தொலைவு, சிவனசமுத்திரத்து மின்சாரம், மிதமான தட்பவெப்பம் என்று எல்லாம் பெங்களூருக்குச் சாதகமாக இருந்தன. 1940 டிசம்பர் 23 அன்று கம்பெனி பதிவானது. மறு ஆண்டே ஹார்லோ ரக பயிற்சி விமானம் ஒன்று இங்கே பூட்டப்பட்டுப் பறந்தது.

வால்சந்தின் கையில் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் 1942-இல் இந்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1943-இல் அமெரிக்க விமானப்படை இங்கே தன் பழுதுபார்ப்பு மையத்தை அமைத்தது. போர் முடியும் வரை பெங்களூரின் வேலை புது விமானம் செய்வதாக இருக்கவில்லை. அடிபட்டு வந்த விமானங்களையும் ஓடித் தேய்ந்த எஞ்சின்களையும் பிரித்துச் சுத்தம் செய்து, கெட்ட உறுப்பை மாற்றி, மறுபடியும் பறக்கவிடுவதுதான் வேலை.

அந்த வேலை ஒரு பள்ளிக்கூடமானது. கண்டோன்மென்ட் பேட்டைகளில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தச்சரும் கொல்லரும் ரயில்வே ஃபிட்டரும் அங்கே முன்பே இருந்தார்கள். அவர்களுடைய தொழிலுக்கு மைக்ரோமீட்டரைப் பழக்கியது விமானத் தொழிற்சாலை. ஒரு விமானத்தைப் பிரித்துப் பூட்டியவனுக்கு, அதில் எந்த உறுப்பு எதற்காக அந்த அளவில் இருக்கிறது என்பது புத்தகம் படிக்காமலே புரிந்துவிடும்.

அந்தப் பயிற்சிக்கு விடுதலைக்குப் பிறகு நல்ல சோதனை வந்தது. போர் முடிந்து நேச நாட்டுப் படைகள் திரும்பிப் போனபோது, லிபரேட்டர் ரக குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனார்கள். யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றைச் சேதப்படுத்திவிட்டே போனார்கள். இந்தியாவிடம் அப்போது கனரக குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. குப்பையாகக் கிடந்த அந்த விமானங்களை ஓரளவு ஒட்டுப்போட்டு, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஹெச்.ஏ.எல். பட்டறையில் 40-க்கும் மேற்பட்டவை புத்துயிர் பெற்றன. அவை 1948-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் வரை விமானப்படையில் உழைத்தன.

1951 ஆகஸ்டில், டாக்டர் வி.எம். கட்கேயின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட ஹெச்.டி.-2 பயிற்சி விமானம் பறந்தது. இந்தியாவிலேயே வரைந்து இந்தியாவிலேயே செய்த விமானம். இடையில் விமான ஆர்டர்கள் போதாத காலத்தில் இதே தொழிற்சாலை ரயில் பெட்டிகளும் செய்தது. அந்தப் பிரிவு பின்னால் பி.இ.எம்.எல். நிறுவனத்தோடு போய்ச் சேர்ந்தது.

விரல் நுனியும் 20 டிகிரியும்

பிரேசர் டவுனை ஒட்டியே பாட்டரி டவுன் இருக்கிறது. தமிழ் பேசும் குயவர்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றும் இடம். பச்சை மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் எவ்வளவு சுருங்கும் என்பதைக் குயவர் கண்ணாலேயே கணித்து, அதற்கேற்ற பருமனில் பானையை எடுக்கிறார். ஒரு பானைக்கும் மறு பானைக்கும் நெல்முனை வித்தியாசம் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

உலோகத்துக்கும் அந்தக் குணம் உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம், வெப்பம் ஒரே ஒரு டிகிரி ஏறினால் 23 மைக்ரான் நீளும். இரும்பு அதில் பாதி அளவு. காலையில் சரியாக இருந்த உறுப்பு மதியத்தில் தவறாகிவிடும். எனவேதான் உலகம் முழுவதும் நீள அளவு 20 டிகிரி செல்ஷியஸில் எடுக்கப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. பெங்களூரின் குளிர்ந்த காற்று இந்தத் தொழிலுக்கு ஆரம்பத்தில் ஒரு வரம். இப்போது ஊரும் சூடேறிவிட்டது, அளவும் நுணுகிவிட்டது. இன்றைய விமான உறுப்புப் பட்டறையில் அளவெடுக்கும் அறை ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் போல மூடிக் குளிரூட்டப்பட்டிருக்கும். கருங்கல் மேசையின் மேல் நகரும் அளவிடும் இயந்திரம், மாணிக்கக் கல் பதித்த ஊசி நுனியால் உறுப்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இயந்திரத்திலிருந்து சூடாக வெளிவந்த உறுப்பை உடனே அளக்க மாட்டார்கள். அது அறையின் வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. உறுப்புக்கு ஜாதகம் வேண்டும். எந்த உலையில் எந்தத் தேதியில் உருக்கிய உலோகம், யார் வெட்டியது, எந்த இயந்திரத்தில், யார் சூடேற்றிப் பதப்படுத்தியது, யார் சோதித்தது என்று கட்டுக்கட்டாகக் காகிதம். உறுப்பு பறக்கும் காலமெல்லாம் அந்தக் காகிதமும் வாழ வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் சூ சிட்டி என்ற ஊரில் ஒரு டி.சி.-10 விமானம் நொறுங்கியது. 112 பேர் இறந்தார்கள். நடு வானில் வால் எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியதுதான் காரணம். சிதறிய தட்டு மூன்று மாதம் கழித்துச் சோளக் கொல்லையில் கிடைத்தது. ஆராய்ந்தபோது, 1971-இல் டைட்டேனியத்தை உருக்கியபோது உள்ளே தங்கிவிட்ட கடுகளவுக் குறையிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தது தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகள் அந்தக் குறை சத்தமில்லாமல் பறந்துகொண்டிருந்திருக்கிறது. இடையில் நடந்த சோதனையில் விரிசல் கண்ணுக்குத் தப்பியும் இருக்கிறது.

மதிலுக்கு வெளியே

பெங்களூரில் விமானத்தைச் சுற்றி மற்றவையும் வளர்ந்தன. 1942 டிசம்பரில் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கியது. 1953-இல் இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காக எச்.எம்.டி. வந்தது. 1962-இல் தும்கூர் சாலையில் மத்திய இயந்திரக் கருவி ஆய்வு நிலையம், 1972-இல் டென்மார்க் உதவியோடு கருவிப் பயிற்சி மையம். பள்ளிப்படிப்பு முடித்த பையன் அப்ரென்டிசாகச் சேர்ந்து ஃபிட்டராக, டர்னராக, கருவி செய்பவராக வெளிவர இத்தனை வாசல்கள் ஒரே ஊரில் இருந்தன. கண்டோன்மென்ட் பேட்டைகளில் பொதுத்துறை வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்காத காலம் அது. தொழிற்சாலை பஸ்ஸும் கேன்டீன் சாப்பாடும் குவார்ட்டர்ஸும் ஒரு தலைமுறையை நடுத்தர வர்க்கமாக்கின.

அந்தக் காலம் உச்சத்தில் இருந்தபோதே விரிசலும் தெரிந்தது. 1980 டிசம்பர் இறுதியில் ஹெச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் பெல் நிறுவனத்துக்குச் சமமான சம்பளம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 77 நாள் நீடித்த போராட்டம் கேட்டதைப் பெற்றுத் தராமலே முடிந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் வேலை மெல்ல மெல்ல மதிலுக்கு வெளியே நழுவியது. ஒரு உறுப்பை வெளியே கொடுத்துச் செய்து வாங்கினால் செலவு குறைவு என்று கணக்குப் போட்டார்கள். 1991-க்குப் பிறகு அந்தக் கணக்கே கொள்கையானது. எச்.எம்.டி. தேய்ந்தது, 2016-இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

வெளியே போன வேலை பெரும்பாலும் பீன்யாவுக்குப் போனது. ஊரின் வடமேற்கு மூலையில், 1970-களில் வளரத் தொடங்கிய தொழிற்பேட்டை. தகரக் கூரை, ஒரு லேத், ஒரு மில்லிங் இயந்திரம், ஹெச்.ஏ.எல்லிலோ எச்.எம்.டி.யிலோ தொழில் பழகிய ஒருவர் என்ற அளவில் தொடங்கியவை ஏராளம். முதலில் ஜிக், ஃபிக்ஸ்சர் என்று உறுப்பைப் பிடித்துக்கொள்ளும் சட்டங்கள் செய்தார்கள். பிறகு விமானத்தில் போகாத கருவிகள். கடைசியாகத்தான் பறக்கும் உறுப்பு. அந்தக் கடைசிப் படியில் ஏறப் பலருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

டிராக்டர் பம்பிலிருந்து

அப்படி ஏறியவற்றில் நாடறிந்த பெயர் டைனமேடிக். 1973-இல் பதிவான இந்த நிறுவனம், பீன்யாவில் ஹைட்ராலிக் பம்ப் செய்து வளர்ந்தது. டிராக்டரின் கலப்பையைத் தூக்கி இறக்கும் பம்ப். வயலுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பம்பின் இரு பற்சக்கரங்களுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான் கூடினாலே எண்ணெய் நழுவி, கலப்பை தூக்காது. அந்தச் சில மைக்ரானை லட்சக்கணக்கான பம்புகளில் ஒரே மாதிரி காப்பாற்றப் பழகிய கை, விமானத்துக்கு மாறுவது அவ்வளவு பெரிய தாவல் இல்லை.

2007-இல் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் இருந்த ஹைட்ராலிக் தொழிற்சாலையையே இந்த பெங்களூர் கம்பெனி விலைக்கு வாங்கியது. அடுத்து பிரிஸ்டல் பக்கத்தில் விமான உறுப்பு செய்யும் பட்டறை ஒன்றையும் வாங்கியது. நுட்பம் அங்கிருந்து வந்தது. உழைப்பு இங்கே இருந்தது. ஏர்பஸ் ஏ-320 விமானத்தின் இறக்கைக்குப் பின்னால் இறங்கி ஏறும் மடல்களைத் தாங்கும் சட்டங்கள் பெங்களூரிலிருந்து போகத் தொடங்கின. விமானம் தரையிறங்கும்போது சன்னலோர இருக்கையில் இருப்பவர் பார்க்கும் அந்த மடல்கள் நகரும் தண்டவாளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதவுக் கதை அதற்கும் முந்தியது. 1988-இல் ஏர்பஸ் நிறுவனம் ஏ-320 விமானத்தின் முன்பக்கப் பயணிகள் கதவைச் செய்து தர ஹெச்.ஏ.எல்லிடம் ஒப்பந்தம் போட்டது. அந்தக் கதவுகளில் பாதியை ஹெச்.ஏ.எல். செய்து கொடுத்துவந்தது. 2024 பிப்ரவரியில், ஏ-220 விமானத்தின் எல்லா வகைக் கதவுகளையும் செய்யும் ஒப்பந்தம் டைனமேடிக்குக்குக் கிடைத்தது. அரசுத் தொழிற்சாலையிலிருந்து தனியார் பட்டறைக்குக் கதவு கைமாற முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

கதவுதானே என்று சொல்ல முடியாது. உயரத்தில் பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்று, வெளியே உள்ள மெல்லிய காற்றை நோக்கித் தள்ளும் வேகம் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கும் மேல். ஒரு பயணிகள் கதவின் மீது ஏழெட்டு டன் எந்நேரமும் முட்டிக்கொண்டிருக்கிறது. அதே கதவு, ஆபத்து நேரத்தில் ஒரு பணிப்பெண் கைப்பிடியைத் திருப்பியதும் திறக்கவும் வேண்டும்.

பெங்களூர் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் உலகம் கதவைப் பற்றி ஒரு பாடம் படித்தது. 2024 ஜனவரி 5 அன்று, அமெரிக்காவில் போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ்-9 விமானத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தை மூடியிருந்த பலகை ஏறக்குறைய 15,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. 177 பேரும் உயிர் தப்பியது அதிர்ஷ்டம். தொழிற்சாலையில் ஒரு ரிப்பேருக்காக அந்தப் பலகையைக் கழற்றியவர்கள், திரும்ப வைத்தபோது நான்கு போல்ட்டுகளைப் பூட்டவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. கழற்றியதற்கான குறிப்பு ஏட்டில் ஏறவே இல்லை. உறுப்பு செய்தவர்கள் அளவில் தவறவில்லை. காகிதம் தவறியது. பீன்யாவில் இளைஞர்கள் மணிக்கணக்கில் படிவம் நிரப்புவதை வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை.

இன்று இந்தத் தொழில் பெங்களூரோடு நிற்கவில்லை. 2006-இல் தொடங்கிய ஏக்வஸ் நிறுவனம் பெலகாவியில் விமான உறுப்புகளுக்கென்றே ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலத்தை எழுப்பியது. இலகு ரக போர் விமானமான தேஜஸின் இறக்கைகளைக் கோயம்புத்தூரில் எல் அண்ட் டி செய்கிறது. முன்பக்க உடல் டைனமேடிக்கில். நடு உடல் ஹைதராபாத்தில். போயிங் ஆண்டுக்கு ஏறக்குறைய 125 கோடி டாலருக்கும், ஏர்பஸ் 100 கோடி டாலருக்கு மேலும் இந்தியாவிலிருந்து வாங்குகின்றன. 2030-க்குள் இதை 200 கோடியாக்குவது ஏர்பஸ்ஸின் இலக்கு.

இல்லாத இதயம்

எல்லாம் சரி. ஆனால் இந்த வளர்ச்சியில் பழைய வலி ஒன்று ஆறாமல் இருக்கிறது. 1956-இல் ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்தார். அவர் தலைமையில் உருவான மாருத் போர் விமானம் 1961 ஜூனில் பறந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்க வேண்டிய உடல் அதற்கு. ஆனால் அதற்கேற்ற பிரிட்டிஷ் எஞ்சினை உருவாக்கி முடிக்க இந்தியா பணம் தர வேண்டும் என்றார்கள், டெல்லி சம்மதிக்கவில்லை. சக்தி குறைந்த எஞ்சினோடு 147 மாருத்துகள் செய்யப்பட்டன. 1971 போரில் அவை நன்றாகவே உழைத்தன. ஆனால் எதற்காக வரையப்பட்டனவோ அந்த வேகத்தை எட்டவேயில்லை.

அறுபது ஆண்டு கழித்தும் கதை அதிகம் மாறவில்லை. தேஜஸுக்காக 1989-இல் தொடங்கிய காவேரி எஞ்சின் திட்டம் எதிர்பார்த்த சக்தியைத் தராமல், 2008-இல் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2021-இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு அரசு ஆர்டர் போட்டது; அதே ஆண்டில் ஹெச்.ஏ.எல். அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் 99 எஞ்சின்கள் கேட்டது. முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025 மார்ச் இறுதியில். அந்த ஆண்டில் ஹெச்.ஏ.எல்லில் உடல் தயாரான விமானங்கள் எஞ்சினுக்காகக் காத்து நின்றன.

காரணம் திறமைக் குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. பெங்களூர் பட்டறைகள் செய்வதில் பெரும்பகுதி, மற்றவர் வரைந்து கொடுத்த படத்துக்குச் செய்வது. படம் வெளிநாட்டில் இருந்து வருகிறது. உயர்தர அலுமினியத் தகடும் டைட்டேனியக் கட்டியும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. ஒரு கட்டியில் பத்தில் ஒன்பது பங்கைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளிய பிறகே சில உறுப்புகள் உருவாகின்றன. சீவும் கலையில் இந்த ஊர் தேர்ந்துவிட்டது. எஞ்சின் வேண்டுமென்றால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிகிரி வெப்பத்தில் உருகாமல் சுழலும் தகடுகளை வார்க்கும் உலோகவியல் வேண்டும். பத்து முறை தோற்றாலும் பதினோராவது முறைக்குப் பணம் தரும் பொறுமை வேண்டும். அவை ஆர்டர் வந்த பிறகு கற்றுக்கொள்ளும் விஷயங்கள் அல்ல.

நடுவில் நிற்கும் சிறு பட்டறை முதலாளிக்கு மத்தளத்தைப் போல இரு பக்கமும் இடி. ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம் விலையைக் குறைக்கச் சொல்கிறது. ஐந்து அச்சில் சுழலும் இயந்திரத்துக்கு வங்கிக் கடன் கட்ட வேண்டும். ஒரு புது உறுப்பைச் செய்து காட்டி, முதல் மாதிரிக்கு ஒப்புதல் வாங்கி, வருமானம் பார்க்க ஓராண்டு ஈராண்டு ஆகிறது. அதற்குள் தொழில் கற்ற பையன் கம்ப்யூட்டர் வேலைக்கோ கூடுதல் சம்பளம் தரும் வேறு பட்டறைக்கோ போய்விட்டால், இயந்திரம் இருக்கும். அதன் காதுக்குக் கேட்காத சத்தத்தைக் கேட்கத் தெரிந்தவன் இருக்க மாட்டான். வெட்டும் கருவி மழுங்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடிக்கும் ஆளை உருவாக்க இன்னமும் பத்து ஆண்டு தேவைப்படுகிறது. அந்த ஆட்களை முன்பு அப்ரென்டிஸ் பள்ளிகளில் வளர்த்தெடுத்தது பொதுத்துறை. இன்றைய பட்டறைகள் பலவும் அந்தப் பழைய முதலீட்டின் வட்டியில்தான் வளர்ந்திருக்கின்றன. அசலை மறுபடி போடுவது யார் என்பதுதான் கேள்வி.

தொழிலும் ஊரை விட்டு விலகிக்கொண்டே போகிறது. ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தில் 2008 மே மாதத்தோடு வழக்கமான பயணிகள் விமானங்கள் நின்றுபோயின. புதிய விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. அதைத் தொடர்ந்து விண்வெளிப் பூங்காவும் புதுத் தொழிற்சாலைகளும் போயின. 2024 ஜனவரியில் போயிங் 43 ஏக்கரில் தன் பொறியியல் மையத்தை அங்கேதான் திறந்தது. பிரேசர் டவுனிலிருந்து அது முப்பது கிலோமீட்டர். படம் வரையும் வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வருகிறது என்பதற்கு அந்த மையம் ஓர் அடையாளம். அந்தப் படங்கள் யாருடைய விமானத்துக்கு என்பது வேறு விஷயம்.

பிரேசர் டவுனில் பிளேக்குக்குப் பயந்து கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. மிஞ்சியிருக்கும் சில வீடுகளில் உயர்ந்த திண்ணையும் அகன்ற சன்னல்களும் இன்னும் காவல் காக்கின்றன. விடியற்காலையில் இங்கிருந்து டாக்ஸி பிடித்து தேவனஹள்ளிக்குப் போய், சென்னைக்கோ டெல்லிக்கோ ஏ-320 விமானத்தில் ஏறுகிறவர்கள் ஏராளம். பணிப்பெண் கைகூப்பி வரவேற்கும் அந்த முன்கதவில் செய்த ஊரின் பெயர் எழுதியிருக்காது. இரண்டில் ஒன்று, அந்தப் பயணியின் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் செய்ததாகவே இருக்கலாம். கதவு மூடி, விளக்கு மங்கி, விமானம் ஓடத் தொடங்கும்போது இறக்கைக்கு அடியில் உறுமுவது மட்டும் வேறு ஊரில் செய்தது.